ரேக்வீட் சீசன்: ஊசியா, ஆடாதோடையா, இரண்டுமா?

கேள்வி: ஸ்காபரோக்காரன்

ரொறொன்ரோவில் ஆகஸ்ட் நடுவிலிருந்து முதல் உறைபனி வரைக்கும் தும்மல், மூக்கடைப்பு, கண்கடி. தோல் பரிசோதனையில் ரேக்வீட் (காற்றில் மகரந்தம் பரப்பும் களைச்செடி) அலர்ஜி என்று உறுதியாகிவிட்டது. செட்டிரிசின் 10 மி.கி. குளிசை தும்மலை நிறுத்துது, மூக்கடைப்பை அசைக்கிறதில்லை, பகலில் நித்திரையும் வருது. அக்குபஞ்சர் ஊசி 12 தடவை குத்தச் சொல்லுகினம். ஊரிலிருந்து ஆடாதோடை மணப்பாகும் கபசுரக் குடிநீர்ப் பொடியும் வந்திருக்கு. ஊசி உண்மையில் எவ்வளவு குறைக்கும்? மூலிகையைக் குளிசையோடு சேர்க்கலாமோ? எப்ப தொடங்கவேணும்? பிரஷருக்கு ப்ரொப்ரனலோல் எடுக்கிறன்.

பதில் 1: ஊசிமுனை

ஊசியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும் பெரிய ஆய்வு ஜெர்மனியில் நடந்தது, 2013இல் வெளியானது. பிர்ச் மரம், புல் இவற்றின் மகரந்த அலர்ஜி உள்ள 422 பேர். 8 வாரத்தில் 12 தடவை ஊசி. தேவைப்பட்டால் செட்டிரிசின் போட்டுக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் அனுமதி. வாழ்க்கைத்தர அளவுகோலில் (0 முதல் 6 வரை) உண்மையான ஊசிக்கும் போலி ஊசிக்கும் இடையே வித்தியாசம் 0.5 புள்ளி. நோயாளி 'ஏதோ தேவலை' என்று உணரக் குறைந்தபட்சம் வேண்டியதே அந்த 0.5தான். 16ஆம் வாரத்தில் அந்த வித்தியாசமும் இல்லை. ஆக, சீசன் நடக்கும்போது சிறு உதவி கிடைக்கலாம்; அலர்ஜியை வேரோடு பிடுங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்க காது-மூக்கு-தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2015 வழிகாட்டியும் மருந்தில்லாத வழி விரும்புவோருக்கு இதை ஒரு தெரிவாகத்தான் வைக்கிறது. மூலிகை விஷயத்தில் அது எந்தப் பரிந்துரையும் செய்யவில்லை.

வழக்கமாகக் குத்தும் இடங்கள்: மூக்குச் சிறகின் இரு ஓரம், புருவ நடு, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைச்சதை, முழங்கை மடிப்பின் வெளிமுனை. ஊசியை வைத்து 20 முதல் 30 நிமிடம் படுக்க விடுவார்கள். முகத்தில் சின்ன நீலம் பாய்வது சகஜம். மேல்முதுகில், தோள்பட்டையில் ஆழமாகக் குத்தினால் நுரையீரல் உறை துளைபடும் அபாயம் உண்டு. மூக்கு அலர்ஜிக்கு அங்கே ஆழம் போகத் தேவையே இல்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லவேண்டும். ஒன்டாரியோவில் 2013 ஏப்ரலிலிருந்து இது பதிவு பெற்ற தொழில். பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள், ஒவ்வொரு தடவையும் புது உறை பிரிக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

பதில் 2: நொச்சியிலை

மூலிகைக்கு வருவோம். முதலில் கபசுரக் குடிநீர். அதில் 15 சரக்கு. அவற்றில் கோஷ்டமும் அக்கரகாரமும் சூரியகாந்திக் குடும்பம். ரேக்வீடும் அதே குடும்பம்தான்! எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்று இல்லை, ஆனால் ரேக்வீட் உறுதியான ஒருவர் சீசன் நடுவில் இதைச் சோதித்துப் பார்ப்பது தேவையில்லாத வேலை. சாமந்திப்பூ டீ என்று விற்கும் கெமொமைல், எக்கினேசியா மூலிகை, தேனீ மகரந்தம் மூன்றும் இதே கதை. அதிலேயே சீந்திலும் இருக்கிறது. சீந்திலால் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக இந்தியாவில் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் குடிக்கிற சரக்கில்லை இது.

இரண்டாவது, உங்கள் ப்ரொப்ரனலோலோடு சேர்க்கக்கூடாத மூலிகைகள். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகத்தில் மிளகு, திப்பிலியின் காரச்சத்தான பைப்பரின், ப்ரொப்ரனலோலின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். ரசத்தில் போடும் மிளகைச் சொல்லவில்லை. தினமும் கிராம் கணக்கில் சூரணம் சாப்பிடுவதைச் சொல்கிறேன். அதிமதுரம் பிரஷரை ஏற்றி பொட்டாசியத்தைக் குறைக்கும், அதையும் தவிர்க்கவும்.

ஆடாதோடை வேறு விஷயம். அதில் உள்ள வாசிசின் என்ற சத்து சளியை இளக்கும். புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தே அதிலிருந்து பிறந்ததுதான். ஆனால் அது நெஞ்சுச் சளிக்கு. மகரந்தம் பட்டு மூக்கில் தும்மலைக் கிளப்பும் ஹிஸ்டமின் கொட்டுவதை அது தடுக்காது. கர்ப்பிணிகள் எடுக்கக்கூடாது. மணப்பாகு முழுக்கச் சர்க்கரை என்பதையும் மறக்கவேண்டாம்.

லேபிள் இல்லாத பொடி, செந்தூரம், பற்பம் வேண்டாம். 2004இல் வெளியான ஆய்வில் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்தில் 14இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்செனிக் இருந்தது. கனடாவில் விற்க அனுமதி பெற்ற மூலிகைப் பொருளின் மேல் என்.பி.என். என்று 8 இலக்க எண் இருக்கும்.

ஸ்காபரோக்காரன்: நன்றி. அப்ப கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கிறதும், ஆவி பிடிக்கிறதும்?

பதில் 3: வடமேற்குக் காற்று

கொத்தமல்லித் தண்ணி தாராளமாக் குடியுங்கோ, தொண்டைக்கு இதம். ஆவி ஒரு பத்து நிமிசத்துக்குத்தான் மூக்கைத் திறக்கும். கொதிக்கிற சட்டிக்கு மேல குனிஞ்சு சுட்டுக்கொள்ளுறதுதான் கனக்க நடக்குது.

மூக்கடைப்புக்கு வேலை செய்யிறது ஸ்டீராய்ட் ஸ்ப்ரே (புளூட்டிகசோன் மாதிரி). நாளும் அடிச்சாத்தான் பலன். சீசனுக்கு ஒன்று, இரண்டு கிழமை முன்னமே, அதாவது ஆகஸ்ட் தொடக்கத்திலேயே ஆரம்பியுங்கோ. வலக்கையால இடது மூக்கு, இடக்கையால வலது மூக்கு. முனை நடுச்சுவரைப் பாக்காமல் காதுப் பக்கம் சாய்ஞ்சிருக்கவேணும். நடுச்சுவரில அடிச்சால் இரத்தம் கசியும். அடிச்சதும் உறிஞ்சி இழுத்தால் மருந்து தொண்டைக்குப் போயிடும்.

ஸ்ப்ரே அடிக்க முன்னம் உப்புத்தண்ணியால மூக்கைக் கழுவுங்கோ. 240 மி.லி. தண்ணிக்கு அயடீன் சேராத உப்பு 2 கிராமளவு, ஒரு சிட்டிகை சோடாத்தூள். குழாய்த் தண்ணியை ஒரு நிமிசம் நல்லாக் கொதிக்கவைச்சு ஆற்றித்தான் பாவிக்கவேணும். பச்சைத்தண்ணியில இருக்கிற அமீபா மூக்கு வழியா மூளைக்குப் போன சம்பவங்கள் இருக்கு.

நாக்குக்குக் கீழ வைக்கிற ரேக்வீட் குளிசை (உடம்பை அந்த மகரந்தத்துக்குப் பழக்குறது) சீசனுக்கு 12 கிழமை முன்னம், மே நடுவில தொடங்கவேணும். முதல் குளிசை வைத்தியருக்கு முன்னால, அரை மணித்தியாலம் இருந்து. ஆனா ப்ரொப்ரனலோல் எடுக்கிறவைக்குப் பெரிய அலர்ஜி வந்தால் எபிநெப்ரின் ஊசி சரியா வேலை செய்யாமல் போகலாம். பிரஷர் மருந்தை மாத்தலாமோ என்று முதல்ல கேளுங்கோ, நீங்களாக நிப்பாட்டவேண்டாம்.

இந்தக் காலத்தில வாழைப்பழம், முலாம்பழம், வெள்ளரிக்காய் சாப்பிட்டு வாய் கடிச்சால் அதுவும் ரேக்வீட்டின்ர உறவுதான். ரோட்டோர மஞ்சள் பூவைத் திட்டாதேங்கோ, அது கோல்டன்ராட், அதின்ர மகரந்தத்தைப் பூச்சிதான் காவும். காத்தில மகரந்தத்தைப் பறக்கவிடுறது பக்கத்தில பச்சையா நிக்கிற, கண்ணுக்குத் தெரியாத பூ உள்ள ரேக்வீட் செடி. பெங்களூரில பார்த்தீனியம் பட்டு மூக்கொழுகினவை இங்க வந்தும் தும்முறதுக்கு அதுதான் காரணம்: பார்த்தீனியமும் ரேக்வீட்டும் ஒரே குடும்பம்.