ஹட்டன் சந்தைக்கு இரண்டு வயதுக்காரனோடு போவது எப்படி?

அக்காமார், தங்கைமாருக்கு வணக்கம். ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருக்கிறேன். கணவருக்குக் கொழும்பில் வேலை என்பதால் சாமான் வாங்க மகனையும் கூட்டிக்கொண்டு டவுனுக்கு நான்தான் போகிறேன். அவனுக்கு இரண்டு வயது. நடக்கப் பழகியதிலிருந்து கையைப் பிடிக்க விடுவதில்லை.

சூப்பர் மார்க்கெட்டில் பாடு குறைவு. தள்ளுவண்டியில் உட்காரவைத்துப் பிஸ்கட் ஒன்றைக் கொடுத்தால் பால்மா எடுக்கும்வரை தாக்குப்பிடிப்பான். (காசு கட்டும் இடத்தில், சரியாகக் குழந்தையின் கண்மட்டத்தில் சொக்லட் அடுக்கியவருக்குப் பிள்ளைகள் இல்லை என்று நினைக்கிறேன்.) சந்தைதான் பெரும்பாடு. லீக்ஸ், கரட், போஞ்சி எல்லாம் அங்கேதான் பச்சையாகக் கிடைக்கின்றன. ஆனால் தரை ஈரம், மூட்டை சுமப்பவர்களின் அவசரம், இவனோ நெத்தலிக் குவியலுக்குள் கையை விடுகிறான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை வேறு. ஒரு கையில் குடை, மறு கையில் பை. பிள்ளையை எதில் பிடிப்பது?

மாமியாரிடம் விட்டுவிட்டுப் போகச் சொல்லாதீர்கள், அவர் இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறார். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் (குழந்தைகள் காப்பகத்தில்) விட்டாலோ ஒரே அழுகை.

முதுகில் சுமக்கும் குழந்தைப் பை இந்த வயதுக்குத் தாங்குமா? மணிக்கட்டில் மாட்டும் பட்டியைப் பாவித்தவர்கள் இருக்கிறீர்களா? கடைக்குப் பட்டியலைச் சொல்லி, சாமானை த்ரீவீலரில் எடுப்பிப்பவர்கள் கூலி எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.