மரத்திலிருந்து விழுந்த பிள்ளைக்கு ஏன் சி.டி. ஸ்கேன் எடுக்கவில்லை?

கேள்வி: தோட்டத்து அம்மா

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போ நகரிலிருந்து வெகுவாகத் தள்ளியிருக்கும் ஓர் எஸ்டேட் ஊரில் வசிக்கிறோம். ஏழு வயதான என் மகன் சனிக்கிழமை மாலை ரம்புத்தான் மரத்தில், என் தலைக்கு மேலிருந்த கிளையிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டான். சற்று நேரத்தில் ஒருமுறை வாந்தியும் எடுத்தான். மயக்கம் போடவில்லை. அவசரப் பிரிவில் உடனே, சற்று அவசரமான நோயாளிகளுக்கான மஞ்சள் பகுதியில் சேர்த்துக்கொண்டார்கள். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஸ்கேனுக்காக ஈப்போவுக்கு அனுப்பும்படி கேட்டபோது, "கைட்லைன்படி இப்போது தேவையில்லை, வைத்துப் பார்ப்போம்" என்று மட்டும் டாக்டர் சொன்னார். தாதி மணிக்கொரு முறை பையனை எழுப்பி, கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, வகுப்பாசிரியையின் பெயரைக் கேட்டுவிட்டுப் போனார். நள்ளிரவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளை இன்று ஓடியாடி விளையாடுகிறான் என்றாலும், இங்கே ஸ்கேன் இயந்திரம் இல்லாததால்தான் அப்படிச் சொல்லிவிட்டார்களோ என்று என் மாமியார் ஓயாமல் கேட்கிறார். அந்த வழிகாட்டி எதை வைத்து எழுதப்பட்டது?

பதில்: ஓய்வுபெற்ற எச்.ஏ. (மருத்துவமனை உதவியாளர்)

வணக்கம் அம்மா. உங்கள் டாக்டர் மனதில் வைத்திருந்தது பெரும்பாலும் 'பெக்கார்ன்' (PECARN) என்ற குழந்தைகள் அவசரச் சிகிச்சை ஆய்வுக் குழுவின் விதியாக இருக்கும். வட அமெரிக்காவின் 25 அவசரப் பிரிவுகளுக்குத் தலையில் அடிபட்டு வந்த 42,412 பிள்ளைகளைக் கவனித்து, யாருக்கு ஸ்கேன் இல்லாமலே சமாளிக்கலாம் என்று கண்டறிந்து 2009-இல் வெளியிட்டார்கள். இரண்டு வயதைக் கடந்த பிள்ளைக்கு நினைவில் தடுமாற்றமோ மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்ததற்கான அறிகுறியோ இருந்தால், ஆபத்தான மூளைக் காயம் இருக்கும் வாய்ப்பு நூற்றில் நான்கைத் தாண்டுகிறது. உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும். அவை இல்லாமல் மயக்கம், வாந்தி, கடுமையான தலைவலி, ஒன்றரை மீட்டருக்கு மேலிருந்து விழுதல் போன்ற பலத்த அடி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் வாய்ப்பு நூற்றில் ஏறக்குறைய ஒன்று. எதுவுமே இல்லாவிட்டால் இரண்டாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. உங்கள் மகன் நடுப்பிரிவைச் சேர்ந்தவன். அங்கே வைத்துப் பார்ப்பதும் முறையான வைத்தியம்தான். தாதி ஆசிரியை பெயரைக் கேட்டது பேச்சுக்கொடுப்பதற்காக அல்ல, நினைவு மங்குகிறதா என்று அளப்பதற்காக.

பதில்: லாரிக்காரர் மகன்

ஐயா சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த விதி, ஸ்கேன் அறை நாலு கதவு தள்ளியிருக்கும் மருத்துவமனைகளில் பிறந்தது. வைத்துப் பார்க்கும் பிள்ளையின் நிலை திடீரென்று மோசமானால், இங்கே ஆம்புலன்ஸ் கிளம்பி, செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஈப்போ போய்ச் சேர வேண்டும். அந்த நேரத்தை எந்த ஆய்வு கணக்கில் எடுத்தது?

பதில்: அவசரப் பிரிவு மருத்துவர்

தம்பி கேட்டிருப்பது அவசியமான கேள்வி. வேற்று நாட்டுப் பிள்ளைகளுக்கு அந்த விதி பொருந்துமா என்பதை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சுமார் இருபதாயிரம் பிள்ளைகளிடம் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். அங்கேயும் நன்றாகவே தேறியது. தூரம் வேறு சங்கதி. நடுப்பிரிவுக்கு அந்த விதி ஒரே விடையைத் திணிப்பதில்லை: அறிகுறி ஒன்றா பலவா, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிலை மோசமாகிறதா, மருத்துவரின் அனுபவம் என்ன, பெற்றோரின் விருப்பம் என்ன என்பவற்றை எடைபோட்டு முடிவெடுக்கச் சொல்கிறது. தூரத்தையும் அந்தத் தராசில் வைப்பதுதான் நியாயம். இந்தப் பிள்ளைக்கு உயரம், வாந்தி என இரண்டு அறிகுறிகள் இருந்ததால், நான் பணியில் இருந்திருந்தால் ஈப்போவில் பணியிலிருக்கும் மருத்துவரைத் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். கேட்ட பிறகும் வைத்துப் பார்க்கவே முடிவெடுத்திருக்கலாம்.

ஸ்கேனால் கெடுதல் இல்லை என்ற எண்ணமும் சரியல்ல. பத்து வயதுக்குட்பட்ட பத்தாயிரம் பிள்ளைகளுக்குத் தலை ஸ்கேன் எடுத்தால், அடுத்த பத்தாண்டுகளில் கூடுதலாக ஒரு பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோயும் ஒரு பிள்ளைக்கு மூளைக் கட்டியும் வரக்கூடும் என்று 2012-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு கணக்கிட்டது. ஆபத்து மிகச் சிறியதுதான். ஆனாலும் காரணமின்றி ஏற்க வேண்டியதில்லை.

அம்மா, இதையெல்லாம் அன்றிரவே உங்களிடம் ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். பெற்றோரின் விருப்பத்தைக் கேட்கச் சொல்லும் விதியைக் காட்டியே பெற்றோரின் வாயை அடைப்பது முறையன்று. இனிமேலும் வாந்தி தொடர்ந்தாலோ, தலைவலி கூடினாலோ, எழுப்பினால் எழாமல் அரைமயக்கத்தில் கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, கை கால் தளர்ந்தாலோ, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிந்தாலோ, நேரம் பாராமல் 999-ஐ அழையுங்கள்.