ஜிடி-10இல் இருக்கும் அண்ணனின் கிளீன் டோனை ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப்பில் எப்படிக் கொண்டுவருவது?

ஆறுகம்பி (காரைக்குடி):

வணக்கம். காரைக்குடியில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிக்கிறேன். மாசி, பங்குனி வந்தால் எங்களுக்கு ஓய்வே கிடையாது. மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் திருவிழா தொடங்கி, சுற்றுப்பட்டு ஊர்களில் எல்லாம் கச்சேரி இருக்கும். இத்தனை காலம் லீட் வாசித்த அண்ணன் இப்போது மகள் வீட்டோடு திருச்சிக்குப் போகிறார். அவருடைய பாஸ் ஜிடி-10 (கிடார் எஃபெக்ட் பெட்டி) அவரோடு போகிறது. கேட்டால் கொடுத்துவிடுவார், எனக்குத் தெரியும். ஆனால் அங்கே போயும் அவர் வாசிக்க வேண்டும், அதனால் கேட்கமாட்டேன். "பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்" என்று இப்போதைக்கு என்னிடம் விட்டுவைத்திருக்கிறார்.

எனக்கு வேண்டியது அதில் உள்ள ஒரே ஒரு பேட்ச், அதாவது சேமித்து வைத்த ஒரு செட்டிங். எண்பதுகளின் பாட்டுகளில், பல்லவிக்கு முன்னால் கோர்டை உடைத்து உடைத்து வாசிக்கும் இடம் வருமே, அதற்கு அவர் வைத்திருக்கும் கிளீன் டோன், அதாவது டிஸ்டார்ஷன் (கரகரப்பு) இல்லாத சத்தம். எங்கள் குழுவில் பாடும் அக்கா அதைக் கேட்டுத்தான் சுருதி பிடித்து உள்ளே வருவார். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெறிக்கும், ஆனால் காதைக் குத்தாது.

அந்தப் பேட்ச்சில் இருப்பவை: கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்துவது), ஜேசி-120 ப்ரீஆம்ப் (ரோலண்ட் ஜாஸ் கோரஸ் ஆம்ப்பின் நகல்), கோரஸ் (சத்தத்தை அலைபோல ஆட்டுவது), 380 மில்லிசெகண்ட் டிலே (எதிரொலி), கொஞ்சம் ரிவர்ப் (அறை முழக்கம்). என்னிடம் இருப்பது லைன் 6 ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப், அதுவும் எஃபெக்ட் பெட்டிதான். அதில் அதே வரிசையில் ரெட் ஸ்க்வீஸ், ஜாஸ் ரிவெட் 120 (அதனுடன் வரும் கேபினட்டோடு, அதாவது ஸ்பீக்கர் பெட்டியின் நகலோடு), 70ஸ் கோரஸ், சிம்பிள் டிலே, பிளேட் ரிவர்ப் போட்டேன். ஜிடி-10இல் குமிழ்கள் 0 முதல் 100 வரை, ஸ்டாம்ப்பில் 0 முதல் 10 வரை. பத்தால் வகுத்து அப்படியே வைத்தேன். வருகிற சத்தம் கம்பளிக்குள்ளிருந்து வாசிப்பதுபோல இருக்கிறது. ட்ரெபிளைக் கூட்டினால் கூர்மை வருகிறது, அந்தத் தெளிவு வரவில்லை. இரண்டுக்கும் ஒரே கிடார்தான், சிங்கிள் காயில், நெக்கும் நடு பிக்கப்பும் சேர்ந்த நிலை. எங்கே பார்க்க வேண்டும்?

---

மிக்ஸர்_தேவகோட்டை:

தம்பி, மூன்று கேள்வி. ஜிடி-10இல் அவுட்புட் செலக்ட் எதில் இருக்கிறது? மிக்ஸருக்கு ஒரு கேபிளா, இரண்டா? நீங்கள் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்ப்பது எந்த இடத்தில்?

---

ஆறுகம்பி:

அண்ணே, அவுட்புட் செலக்ட் ஜேசி-120இல் இருக்கிறது. முன்பு ஒரு ஜாஸ் கோரஸ் ஆம்ப் வைத்து வாசித்தாராம், அப்போது வைத்தது. இப்போது நேராக மிக்ஸருக்குத்தான் போகிறது. கேபிள் ஒன்றுதான், லெஃப்ட் மோனோ. ஒத்திகை ஒரு பழைய செட்டியார் வீட்டில். வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில், எங்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். முகப்பைத் தாண்டியதும் வரும் கூடத்தில் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கிறேன்.

---

மிக்ஸர்_தேவகோட்டை:

சரி, உங்கள் கம்பளி எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிட்டது.

ஜிடி-10 வகைப் பெட்டியில் அவுட்புட் செலக்ட் என்பது, இந்தச் சத்தம் எதற்குள் போகப்போகிறது என்று பெட்டிக்குச் சொல்லும் இடம். லைன்/ஃபோன்ஸ் என்று வைத்தால்தான் ஸ்பீக்கர் சிமுலேஷன் (கிடார் ஸ்பீக்கர்போல ஒலிக்கவைக்கும் பகுதி) வேலை செய்யும். ஜேசி-120 என்று வைத்தால், "முன்னால் நிஜமான ஆம்ப் இருக்கிறது, ஸ்பீக்கர் வேலையை அது பார்த்துக்கொள்ளும்" என்று பெட்டி விட்டுவிடும். உங்கள் அண்ணனோ நேராக மிக்ஸருக்குக் கொடுக்கிறார். ஆக, இத்தனை வருடம் நீங்கள் கேட்டு ரசித்தது கேபினட் இல்லாத கிளீன் டோன். 12 அங்குல கிடார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும். அந்தச் சரிவு அவர் டோனில் இல்லை. உங்கள் ஸ்டாம்ப்பில் கேபினட் இருக்கிறது, அதனால் சரிவும் இருக்கிறது. கேபினட் வெட்டி எறிந்த பிறகு ட்ரெபிள் குமிழைத் திருப்பினால் 2, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம்தான் தூக்கும். கூர்மை அங்கிருந்து வருகிறது.

புத்தகத்தில் எழுதியபடி பார்த்தால் அவர் வைத்திருப்பது தப்பான செட்டிங் என்று யாராவது சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள். டிஸ்டார்ஷன் போட்டிருந்தால் கேபினட் இல்லாமல் ரம்பம் அறுக்கும், அது உண்மை. கிளீனுக்கு அந்தக் கண்ணாடித் தெளிவு அழகு. அவர் காதால் தேர்ந்து வைத்துக்கொண்டது அது.

செய்ய வேண்டியது: கேபினட் பிளாக்கை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் லோ அண்டு ஹை கட் ஈக்யூ (ஓர் அளவுக்குக் கீழும் மேலும் உள்ள சத்தத்தை வெட்டுவது) போட்டு, கீழே 90 ஹெர்ட்ஸ், மேலே 8 கிலோஹெர்ட்ஸில் தொடங்குங்கள். பிறகு காதால் நகர்த்துங்கள். குளோபல் செட்டிங்கில் அவுட்புட் லெவல் இன்ஸ்ட்ருமென்ட்டா, லைனா என்றும் பாருங்கள். மிக்ஸரின் லைன் இன்புட்டுக்குப் போனால் லைன், டிஐ பாக்ஸ் (கிடார் சிக்னலை மிக்ஸரின் மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வழியாகப் போனால் இன்ஸ்ட்ருமென்ட்.

அடுத்து கோரஸ். நிஜ ஜேசி-120இல் ஒரு ஸ்பீக்கரில் நேர் சத்தமும் மற்றதில் அலையும் சத்தமும் வரும், இரண்டும் காற்றில் கலக்கும். உங்களுக்கு ஒரே கேபிள் என்பதால் இரண்டும் கம்பிக்குள்ளேயே கலக்கின்றன. அப்போது அலை ஆழமாகத் தெரியும். எனவே ஹெட்போனில் ஸ்டீரியோவாகக் கேட்டு டெப்த் வைக்காதீர்கள். ரேட்டுக்கு எண்ணைப் பார்க்கவே வேண்டாம். ஒரு கோர்டை நீட்டிப் பிடித்து, பத்து விநாடிக்கு எத்தனை முறை அலை ஏறி இறங்குகிறது என்று ஜிடி-10இல் எண்ணுங்கள். ஸ்டாம்ப்பிலும் அதே எண்ணிக்கை வரும்வரை திருப்புங்கள்.

ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துப்போகக்கூடிய எண் டிலே நேரம் மட்டும்தான். மில்லிசெகண்ட் எங்கும் மில்லிசெகண்ட். 380 என்றால் 120 டெம்போ பாட்டின் புள்ளிவைத்த எட்டாம் சுரத்துக்குப் (375) பக்கத்தில் வருகிறது, நல்ல தேர்வு. ஃபீட்பேக்கைத் திரும்பி வரும் தட்டுகளை எண்ணி வையுங்கள். கம்ப்ரஸரைப் பத்தால் வகுப்பதில் பயனே இல்லை. ஒன்றில் சஸ்டெய்ன் 50 என்பதற்கும் மற்றதில் 5 என்பதற்கும் உறவு கிடையாது. முதல் மீட்டின் 'டக்' எவ்வளவு தப்பி வருகிறது என்பதைக் கேட்டு வையுங்கள்.

கடைசியாக அந்தக் கூடம். ஆத்தங்குடிக் கல் தளம், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், தேக்குத் தூண்கள். சத்தத்தைக் குடிக்க அங்கே ஒன்றுமே இல்லை, எல்லாம் திருப்பி அனுப்பும். அங்கே உட்கார்ந்து ரிவர்ப் வைத்தால் குறைத்துத்தான் வைப்பீர்கள். பொட்டலில் மேடை போட்டதும் டோன் வறண்டுவிடும். ஸ்பீக்கருக்கு முன்னால் இரண்டு ஜமக்காளம் விரித்து, பின்னால் கயிறு கட்டி இரண்டு தொங்கவிடுங்கள். சத்தத்தை மேடையில் வைக்கும் அளவுக்குக் கூட்டிக் கேளுங்கள். மெதுவாகக் கேட்கும்போது காதுக்கு பேஸும் ட்ரெபிளும் குறைவாகத்தான் தெரியும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து காட்டியிருக்கிறார்கள்.

---

பள்ளத்தூர்_ரெக்கார்டிங்:

மிக்ஸர் அண்ணன் சொன்னதோடு எனக்கு ஒப்புதல்தான், ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக வாசித்து ஒப்பிடாதீர்கள். கை ஒரேமாதிரி விழாது. ஒரு பெட்டியில் வாசித்துவிட்டு மற்றதற்குக் கேபிளை மாற்றுவதற்குள் காதும் மறந்துவிடும். லேப்டாப்பில் ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக கிடாரை எஃபெக்ட் எதுவும் இல்லாமல் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவையே இரண்டு பெட்டிக்கும் இன்புட்டில் அனுப்புங்கள். ரீஆம்ப் பாக்ஸ் (பதிவின் சிக்னலைக் கிடார் அளவுக்கு மாற்றித் தரும் பெட்டி) இருந்தால் நல்லது. இல்லையென்றால் இன்டர்ஃபேஸின் அவுட்புட்டை நன்றாகக் குறைத்து, நேரில் கிடார் சொருகியபோது பெட்டியில் எவ்வளவு வந்ததோ அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு அவுட்புட்டையும் மிக்ஸரில் பக்கத்துப் பக்கத்துச் சேனலில் கொடுத்து, பிஎஃப்எல் (ஒரு சேனலை மட்டும் தனியாகப் பார்க்கும் பொத்தான்) அழுத்தி மீட்டரில் ஒரே உயரத்துக்கு வையுங்கள். இது முக்கியம். கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் நல்ல டோன் என்று காது எப்போதும் சொல்லும்.

வோக்ஸெங்கோ ஸ்பான் என்று ஒரு இலவச ப்ளக்இன் இருக்கிறது. இரண்டையும் பதிவு செய்து அதில் போட்டால் எந்த அலைவரிசையில் வித்தியாசம் என்று வரைபடமாகவே தெரியும். ஆனால் கோரஸ், டிலே, ரிவர்ப் மூன்றையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். முதலில் கம்ப்ரஸரும் ப்ரீஆம்ப்பும் ஒத்துப்போகட்டும், மற்றதை அதன்மேல் ஏற்றுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கேபினட்டை முழுக்க எடுக்காமல், கலவையில் பாதி மட்டும் வைத்துப் பார்ப்பேன். ஹாரன் ஸ்பீக்கர் கட்டும் ஊர்களில் கேபினட் இல்லாத டோன் கொஞ்சம் கடுமையாகிவிடும்.

---

மிக்ஸர்_தேவகோட்டை:

பாதி கேபினட் வேண்டாம் தம்பி. நேர் சத்தமும் கேபினட் சத்தமும் கலக்கும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று தின்னும். ஹாரன் இருந்தால் ஹை கட்டை 6 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கினால் போதும்.

---

ஆறுகம்பி:

இரண்டு பேருக்கும் மிகவும் நன்றி. கேபினட்டை எடுத்த நொடியில் டோன் திறந்துகொண்டது. ஹை கட் இப்போது 7.2 கிலோஹெர்ட்ஸில் நிற்கிறது. ஒரே பதிவை இரண்டிலும் ஓட்டிப் பார்த்ததில், ஜிடி-10இல் 300 ஹெர்ட்ஸ் பக்கம் லேசான பள்ளம் இருப்பது தெரிந்தது. பாராமெட்ரிக் ஈக்யூவில் அங்கே 2 டெசிபல் குறைத்தேன், கோர்ட் உடைத்து வாசிக்கும்போது சுரங்கள் பிரிந்து நிற்கின்றன. ரெட் ஸ்க்வீஸை மாற்றி டீலக்ஸ் காம்ப் போட்டேன், அட்டாக்கைத் தனியாகப் பிடிக்க அது வசதி. அக்காவைக் கண்ணை மூடச்சொல்லி மாற்றி மாற்றி வாசித்தேன். எதில் வாசித்தாலும் சரியான இடத்தில் உள்ளே வந்தார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு டிலேயை ஒரு சிட்டிகை குறைக்கச் சொன்னார், குறைத்துவிட்டேன்.

இன்னும் ஒன்று மிச்சம். அவர் ஜிடி-10இன் பெடலில் வால்யூமை மெதுவாகத் திறந்து கோர்டை மலரவிடுவார். ஸ்டாம்ப்பில் பெடல் கிடையாதே, என்ன வாங்கலாம்?

---

மிக்ஸர்_தேவகோட்டை:

10 கிலோ ஓம் எக்ஸ்பிரஷன் பெடல் ஒன்று, ஸ்டாம்ப்புக்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள். பின்பக்கம் எக்ஸ்பிரஷன் ஜாக்கில் சொருக வேண்டும், ஒரு பெடலுக்குச் சாதாரண கிடார் கேபிளே போதும். வால்யூம் பெடல் பிளாக் ஒன்று சேர்த்து அதற்கு ஒதுக்குங்கள். ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள்) 3.0 அல்லது அதற்கு மேல் இருந்தால் எட்டு பிளாக் கிடைக்கும், உங்களுக்கு இடம் போதும். பழையதென்றால் ஆறுதான், முதலில் அப்டேட் செய்துவிடுங்கள். பிளாக்கை டிலேக்கு முன்னால் வையுங்கள். அப்போதுதான் பெடலை மூடினாலும் முன்பு வாசித்ததன் டிலே தொடர்ந்து ஒலித்துக்கொண்டிருக்கும். டிலேக்குப் பின்னால் வைத்தால் எல்லாம் ஒரேயடியாக அறுந்துவிடும். அண்ணனுடைய ஜிடி-10இல் ஃபுட் வால்யூம் எந்த இடத்தில் இருக்கிறது என்று எஃபெக்ட் செயினைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள், அவர் கிளம்புவதற்கு முன்னால்.