டெட்லிஃப்ட் செய்யும்போது சிறுநீர் கசிகிறது, கெகல் செய்தும் கூடுகிறது. எங்கே தவறு?

இரும்புப்பட்டறை (கேள்வி)

வணக்கம். என்னிடம் பயிற்சி எடுக்கும் ஒரு பெண்ணுக்காக, அவர் சம்மதத்தோடு கேட்கிறேன். வயது 34. இரண்டும் சுகப்பிரசவம், சின்னக் குழந்தைக்கு 3 வயது. டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரை இடுப்பு வரை தூக்குவது) உச்சம் 100 கிலோ. 80 கிலோ வரை பிரச்சினை இல்லை. 85இல் இடுப்பில் பெல்ட் கட்டி 5 ரெப் (தொடர்ந்து 5 தடவை) எடுத்தால் மூன்றாவது ரெப்பிலேயே கசிகிறது. ஸ்கிப்பிங்கில் டபுள் அண்டர் (ஒரே குதிப்பில் கயிறு இரண்டு முறை சுற்றுவது) 20ஐத் தாண்டினாலும் அப்படித்தான். இருமினால், தும்மினால் இல்லை.

இரண்டு மாதமாக நாளுக்கு 100 கெகல் (இடுப்புத் தளத் தசையைச் சுருக்கி விடும் பயிற்சி) செய்கிறார். குறையவில்லை, கூடியிருக்கிறது. ஒவ்வொரு செட்டுக்கும் முன்னால் பாத்ரூம் போகிறார், தண்ணீரையும் குறைத்துவிட்டார். எடை தூக்குவதை நிறுத்தச் சொல்லவா?

தளம்_பிசியோ

நிறுத்த வேண்டாம். முதலில் அந்த 100 கெகலை நிறுத்தச் சொல்லுங்கள்.

இடுப்புத் தளத் தசை முன்னால் பூப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தொட்டில் மாதிரி கட்டியிருக்கும். மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் இறங்கும், விடும்போது ஏறும். இறங்கத் தெரிந்த தசைதான் ஏறவும் முடியும். நாள் முழுக்க இறுக்கிப் பிடித்தே இருந்தால், 85 கிலோ வரும் நொடியில் மேலே போக அதற்கு இடமே இருக்காது. சும்மா இருக்கும்போதே விரலை மடக்கி வைத்திருக்கும் கையால் பாரைப் பிடிக்க முடியுமா? அதே கதைதான்.

அவரிடம் இவற்றைக் கேளுங்கள், அல்லது ஒரு பெண் பயிற்சியாளரைவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். சிறுநீர் வரத் தொடங்க நேரமாகிறதா? விட்டு விட்டு வருகிறதா? மலச்சிக்கல் உண்டா? உடலுறவிலோ மென்ஸ்ட்ருவல் கப் வைக்கும்போதோ வலிக்கிறதா? ஒன்றிரண்டுக்கு ஆம் என்றால் தசை பலவீனத்தைவிட இறுக்கம்தான் முதல் சந்தேகம். உறுதி செய்ய இதில் பயிற்சி பெற்ற பிசியோ கையுறை போட்டு ஒரு விரலால் உள்பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். பலத்தை 0 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். எத்தனை நொடி பிடிக்கிறார், எத்தனை தடவை முடிகிறது, பிடித்ததை முழுசாக விடுகிறாரா என்றும் பார்ப்பார்கள். கடைசிக் கேள்வியைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். படுக்க வைத்து மட்டும் பார்த்தால் போதாது, நிற்க வைத்தும் பார்க்கச் சொல்லுங்கள்.

இறுக்கம் என்றால் முதல் 2, 3 வாரம் தளர்த்தல் மட்டும். மல்லாந்து படுத்து, கெண்டைக்கால் நாற்காலி மேல். மூச்சை 4 நொடி இழுத்து 6 நொடி விட வேண்டும். இழுக்கும்போது, சிறுநீர் வரத் தொடங்கும் நொடியில் கீழே ஒரு தளர்வு வருமே, அது வர வேண்டும். முக்கக் கூடாது. 5 நிமிடம், காலை மாலை.

அதன் பிறகு பலம். பிரிட்டனின் நைஸ் (NICE) மருத்துவ வழிகாட்டி சொல்லும் அளவு ஒரு தடவைக்குக் குறைந்தது 8 சுருக்கம், நாளுக்கு 3 தடவை, மேற்பார்வையோடு குறைந்தது 3 மாதம். அதில் நாளுக்கு 100 இல்லை. காற்றுப் பிரிவதை அடக்குவது மாதிரி பின்னாலிருந்து முன்னால் இழுத்து, மேலே ஏற்றி, 6 முதல் 8 நொடி பிடித்து, அதே அளவு நேரம் முழுசாக விட வேண்டும். கடைசியில் 5 வேகமான சுருக்கம். கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் நடுவிலுள்ள இடம் உள்ளே போக வேண்டும். வெளியே பிதுங்கினால் அவர் சுருக்கவில்லை, தள்ளுகிறார்.

சுண்ணாம்புக்கை

பிசியோ சொன்னதோடு பார் பக்கத்தையும் சேர்க்கிறேன். 80இல் இல்லாதது 85இல் வருகிறது. பெல்ட் எந்த எடையில் ஏறுகிறது என்று பாருங்கள். 85இல்தான் என்றால் பெல்ட்டைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

பெல்ட்டை வயிற்றால் முன்னால் தள்ளச் சொல்லிக் கொடுக்கிறோம். பலர் அதோடு கீழேயும் முக்கிவிடுகிறார்கள். சோதனை சுலபம்: உடைக்கு மேலேயே அந்த நடு இடத்தில் அவரே இரண்டு விரலை வைத்து, தூக்கப் போவது மாதிரி மூச்சைப் பிடித்து வயிற்றை இறுக்கட்டும். விரலைத் தள்ளுகிறதா, விலகி மேலே போகிறதா? தள்ளினால் அதுதான் கசிவுக்கு வழி. பெல்ட்டை ஒரு துளை தளர்த்துங்கள். மூச்சை நிரம்ப இழுக்காமல் முக்கால்வாசி எடுத்து, கீழ்த்தளத்தை லேசாக ஏற்றி, பிறகு பாரை இழுக்கட்டும். முழு பலத்தில் ஏற்றினால் இடுப்பு பின்னால் மடங்கும்.

இரண்டாவது, ரெப்பைத் தொடர்ச்சியாக அடிக்க வேண்டாம். ஒவ்வொரு ரெப்புக்கும் பாரைத் தரையில் நிறுத்தி, மூச்சையும் தளத்தையும் புதிதாகப் பிடித்து எடுக்கட்டும். மூன்றாவது ரெப்பில் கசிகிறது என்றால் முதல் பிடி அதற்குள் கழன்றுவிட்டது என்றே படுகிறது. மேலே நிற்கும்போது பின்பக்கத்தை நெரித்துப் பின்னால் சாய்வதையும் நிறுத்துங்கள்.

75க்கு இறங்கி 3 ரெப் செட். கசிவில்லாமல் ஒரு வாரம் போனால் 2.5 கிலோ ஏற்றம். கசிந்தால் 5 கிலோ இறக்கம்.

வெயிட்_வெண்பா

தூக்கும்போது மூச்சை விட்டால் போதும் என்று எங்கும் சொல்கிறார்களே. அதைச் செய்தால் சரியாகாதா?

தளம்_பிசியோ

60, 70 கிலோவுக்கு நல்ல யோசனை. உள்ளழுத்தம் குறையும், தளமும் தானாக ஏறும். உச்சத்துக்குப் பக்கத்தில் தரையிலிருந்தே மூச்சை விட்டால் நடு உடம்பின் விறைப்பு போய்விடும், முதுகு வளையும். அங்கே பிடித்து எழுந்து, பார் முழங்காலைத் தாண்டியதும் பல்லிடுக்கில் ‘ஸ்’ என்று விடலாம்.

பாத்ரூம் விஷயம்: செட்டுக்கு செட் போனால் மூத்திரப்பை கொஞ்சம் நிரம்பியதுமே அவசரம் காட்டப் பழகிவிடும். பயிற்சிக்கு முன் ஒரு முறை போதும், மற்ற நேரத்தில் 2 முதல் 4 மணி நேர இடைவெளி. தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்ந்து பையை எரிச்சல்படுத்தும், மலமும் கட்டும். மலம் முக்குவதும் அதே தளத்தைத்தான் கீழே தள்ளுகிறது. காலுக்கடியில் சின்ன ஸ்டூல் வைக்கச் சொல்லுங்கள்.

டபுள் அண்டரை டெட்லிஃப்ட்டுக்கு முன்னால் கொண்டுவாருங்கள், களைத்த தசையில் வேண்டாம். 20இல் கசிகிறது என்றால் 12இல் நிறுத்தி ஓய்வு.

இரும்புப்பட்டறை

விரல் சோதனை செய்து பார்த்தார். பெல்ட்டோடு தள்ளுகிறது, இல்லாமல் மேலே போகிறது. சிறுநீர் தொடங்கவும் நேரமாகிறதாம். பிசியோவிடம் அனுப்புகிறேன். டாக்டரிடம் நேராகப் போக வேண்டிய அறிகுறிகள் எவை?

தளம்_பிசியோ

சிறுநீரில் ரத்தம், எரிச்சல், காய்ச்சல். கீழே கனமாக இருப்பது, ஏதோ இறங்கி நிற்பது மாதிரி உணர்வு. அது கர்ப்பப்பையோ மூத்திரப்பையோ இறங்கியதாக இருக்கலாம், மகப்பேறு மருத்துவர் பார்க்கட்டும். பெசரி என்ற வளையத்தை உள்ளே வைத்துக்கொண்டு எடை தூக்குவோரும் உண்டு. மாதவிடாய் நின்றுபோயிருந்தால் அதையும் சொல்ல வேண்டும், ஈஸ்ட்ரோஜன் குறைவு அங்குள்ள திசுவை மெலிய வைக்கும்.

தொடையிடுக்கு மரத்துப் போய், சிறுநீர் கழிக்கவே முடியாமல், முதுகு வலியும் சேர்ந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவு. அது நரம்பு நசுங்கும் அறிகுறி, மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

பிசியோவிடம் போகும்போது எடை, ரெப், பெல்ட் உண்டா, எந்த ரெப்பில் கசிந்தது என்று இரண்டு வாரக் குறிப்பு எடுத்துப் போகட்டும். உங்கள் கேள்வியிலேயே பாதி இருக்கிறது.