ஊசியிலைக் காட்டுக் காளான் ஒன்றை இனங்காண உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். நோர்வேயில் வசிக்கும் என் அக்கா, வீட்டருகே உள்ள ஊசியிலைக் காட்டில் கண்ட காளானின் படங்களை அனுப்பி, அதைச் சமைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். குடை செம்மஞ்சள் நிறத்தில், நடுவே குழிந்து, வளையம் வளையமான கோடுகளுடன் இருக்கிறது. வெட்டிய இடத்தில் கரட் நிறப் பால் கசிந்து, பின்னர் அவ்விடம் பச்சையாக மாறியுள்ளது. 1753 இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் விபரித்த, லக்டேரியஸ் டெலிசியோசஸ் என்ற உண்ணத்தக்க காளானினமாக இருக்கலாம் என நினைக்கிறேன். ஆனால் அது பைன் வேர்களோடு கூடி வாழும் இனம். படங்களில் தெரிபவையோ ஸ்புரூஸ் மரங்கள். ஸ்புரூஸின் கீழ் முளைக்கும் லக்டேரியஸ் டெடெரிமஸும் உண்ணத்தக்கதே என்றாலும், பேர்ச் மரத்தடியில் வளரும், விளிம்பில் கம்பளி போன்ற மயிரும் வெள்ளைப் பாலும் கொண்ட நச்சினம் ஒன்றும் இருப்பதால், இப்போதைக்குச் சாப்பிட வேண்டாம் என்று அக்காவிடம் உறுதியாகச் சொல்லிவிட்டேன். நம்மூரில் மழைக்கு முளைக்கும் காளானைக்கூடப் பெரியவர்கள் பார்த்துச் சொன்ன பிறகுதானே உலையில் வைக்கிறோம்.

அங்கு காளான் பறித்துப் பழகியவர்கள், காம்பிலுள்ள குழித் தழும்புகளை வைத்து டெலிசியோசஸ், டெடெரிமஸ் ஆகிய இரு இனங்களையும் பிரித்தறிவது எப்படி, இன்னும் எந்தப் பகுதிகளைப் படமெடுக்க வேண்டும், நேரில் காட்டிச் சரிபார்க்கும் இடத்துக்குக் காளானை எவ்வாறு கொண்டுசெல்ல வேண்டும் என்பவற்றைத் தயவுசெய்து தெரிவியுங்கள்.