வளரும் முயல்களுக்குச் சூபாபுல் தழை: முடி கொத்தாக உதிர்கிறது, உதவுங்கள்

கேட்டவர்:
வணக்கம். 30ஆம் நாளில் தாயிடமிருந்து பிரித்த 14 குட்டிகளுக்கு இப்போது இரண்டரை மாதம். அடர்தீவனத்தை (தானியம், பிண்ணாக்குக் கலவை) குறைக்கலாம் என்று ஒரு மாதமாகப் பாதிக்கும் மேல் சூபாபுல் மரத்தின் கொழுந்தையே போடுகிறேன். ஆவலாகத் தின்கின்றன, காம்பு மட்டும்தான் மிஞ்சும். ஆனால் மூன்று வாரமாக எடை ஏறவே இல்லை. நேற்று ஒன்றைத் தூக்கியபோது பிடரி முடி என் விரலோடு வந்துவிட்டது. காலையில் கூண்டுக்கடியில் பிசுபிசுப்பான சாணமும் கிடக்கிறது. சொறிக்கு மருந்து கொடுத்தும் பயனில்லை. பயமாக இருக்கிறது.

பதில் 1:
சொறி என்றால் காதோரம், மூக்கு, கால்விரல்களில் பொருக்குத் தட்டும், அரிப்பும் இருக்கும். முடி போன இடத்தில் தோல் எப்படி இருக்கிறது?

கேட்டவர்:
சுத்தமாக, வழவழப்பாக இருக்கிறது ஐயா. பொருக்கு இல்லை, அரிப்பும் இல்லை.

பதில் 2:
அப்படியானால் சூபாபுலை இன்றே நிறுத்துங்கள் தம்பி. அதிலுள்ள மைமோசின் என்ற நச்சு முடியின் வேரில் வளர்ச்சியைத் தடுத்துவிடும். கொழுந்தில்தான் அது அதிகம். நீங்கள் தேடிப்பறித்துக் கொடுத்ததே அதைத்தான். ஆடு தின்கிறதே என்று பலர் ஏமாறுகிறார்கள். தகுந்த நுண்ணுயிர் இருந்தால் ஆட்டின் முதல் வயிற்றிலேயே அது சிதைந்துவிடும். முயலுக்கு நுண்ணுயிர்ப் பை சிறுகுடலுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே போவதற்குள் நஞ்சு இரத்தத்தில் ஏறிவிடும்.

அந்தச் சாணத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். சின்னத் திராட்சைக் கொத்துபோல் பளபளப்பாக ஒட்டியிருந்தால் அது கழிச்சல் இல்லை. முயல் தானே வாய்வைத்துத் தின்னவேண்டிய மென்புழுக்கை அது. புரதம் மிஞ்சி நார் குறைந்தால் அதைத் தின்னாமல் விட்டுவிடும். நீராகவோ சளியாகவோ போனால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

காய்ந்த புல் எந்நேரமும் கூண்டில் இருக்கட்டும். வளரும் குட்டியின் தீவனத்தில் புரதம் 16 விழுக்காட்டளவு போதும். நார் 14க்குக் குறையக்கூடாது. பயறுவகைத் தழை வேண்டுமென்றால் முயல் மசால் அல்லது வேலிமசால் நல்லது. அந்தப் புதுத் தழையை ஒரேயடியாகப் போடாமல் பத்து நாளில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

பதில் 3:
நான் பல வருடமாகச் சூபாபுல் போடுகிறேன், ஒரு முடிகூட உதிர்ந்ததில்லை. நிழலில் வாட்டிக் கொடுத்தால் போதுமே?

பதில் 2:
எவ்வளவு போடுகிறீர்கள்?

பதில் 3:
புல்லோடு கலந்து ஒரு கைப்பிடிதான்.

பதில் 2:
உங்கள் முயல்களைக் காப்பாற்றியது அந்த அளவுதான், வாட்டியது அல்ல. உலர்பொருள் கணக்கில், அதாவது ஈரம் நீக்கிய எடையில், தீவனத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் நானும் மறுக்கமாட்டேன். ஆனால் தீவனத்தில் பாதி என்பது முயலுக்கு ஆகவே ஆகாது. இன்னொன்று: வேலிமசாலின் இலை சூபாபுலைப் போலவே இருக்கும், காயைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். சூபாபுல் காய் அகலமாகத் தட்டையாகக் கொத்தில் தொங்கும். வேலிமசால் காய் மெல்லியதாக இருக்கும்.

கேட்டவர் (ஐந்து வாரம் கழித்து):
ஐயா, பிடரியில் புதுமுடி முளைத்திருக்கிறது. தடவினால் பட்டுப்போல் இருக்கிறது. சாணம் திராட்சைக் கொத்துதான்; புல் போட்ட நான்காம் நாளே நின்றுவிட்டது. எடையும் ஏறுகிறது. இரண்டு குட்டிகள் மட்டும் மற்றவற்றைவிடச் சிறியதாகவே இருக்கின்றன. அவற்றைத் தனிக்கூண்டில் வைத்து அடர்தீவனம் சற்றுக் கூட்டலாமா?

பதில் 2:
தனியே வையுங்கள். அடர்தீவனத்தைக் கூட்டுவதற்கு முன் புல்லை எவ்வளவு தின்கின்றன என்று இரண்டு நாள் கவனித்துச் சொல்லுங்கள்.