பீம் வேண்டுமா, ஃபிளாட் ஸ்லாப் போதுமா? 8 மாடி, 7.5 மீட்டர் இடைவெளி

புதுக்கட்டடம்:
வணக்கம். 8 மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று வரைபட நிலையில் இருக்கிறது. உரிமையாளர் தரப்பில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன், ஆனால் சிவில் படித்தவன் இல்லை. தூணுக்குத் தூண் 7.5 மீட்டர், இரண்டு பக்கமும் அதே அளவு. ஆர்க்கிடெக்ட் பீமே வேண்டாம், ஃபிளாட் ஸ்லாப் போடுவோம் என்கிறார். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பீம் இருந்தால்தான் நிம்மதி என்கிறார். நடுவில் ஒப்பந்தக்காரர் வேறு போஸ்ட் டென்ஷன் என்று மூன்றாவதாக ஒன்றை இழுத்துவிட்டார். தனித்தனியாகக் கேட்டால் மூன்று பேர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது.

பீமை எடுத்துவிட்டால் அது தாங்கிய சுமை எங்கே போகும்? எப்படியும் ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடப்போகிறோம், அப்புறம் பீம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? மேல்மாடியில் நாற்காலி இழுக்கிற சத்தம் ஃபால்ஸ் சீலிங் போட்டால் நின்றுவிடும் என்று ஒருவர் சொன்னார், அதுவும் உண்மையா?

ரசமட்டம்:
ஸ்லாபை மட்டும் தனியாக எடுத்துப் பேசுவதால்தான் இந்தக் குழப்பம். மேல்மாடி டைல்ஸில் தொடங்கி கீழே உங்கள் தலைக்கு மேல் தெரிகிற சீலிங் வரைக்கும் மொத்தமாக எத்தனை மி.மீ. என்று பாருங்கள், ஆர்க்கிடெக்ட் ஏன் அடம்பிடிக்கிறார் என்று புரிந்துவிடும்.

7.5 மீட்டருக்கு பீம் ஸ்லாபோடு சேர்த்து 600 மி.மீ. வரும். அதற்குக் கீழே ஏசி டக்ட் 400, விளக்கு, ஸ்பிரிங்க்லர், சீலிங் சட்டம் எல்லாம் சேர்ந்து இன்னொரு 100. ஆக 1.1 மீட்டர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. ஃபிளாட் ஸ்லாப் என்றால் 250 மி.மீ. கனம், டக்டும் சீலிங்கும் அதே 500, மொத்தம் 750. மாடிக்கு 350 மி.மீ. மிச்சம், 8 மாடிக்கு 2.8 மீட்டர். உயரத்துக்கு வரம்பு இருக்கிற மனையில் இது கிட்டத்தட்ட ஒரு மாடி சார்! உயரக் கட்டுப்பாடு இல்லை என்றாலும் வெளிச்சுவர், கண்ணாடி, லிஃப்ட் குழி, பைப் என எல்லாமே அந்த அளவுக்குக் குறையும்.

சுமை எங்கே போகும் என்ற கேள்வி ரொம்பச் சரியான கேள்வி. எங்கும் போகாது, மொத்தமும் தூணின் தலையில்தான் வந்து விழும். பீம் இருந்தால் அது சுமையை வழியிலேயே வாங்கி, தன் முழு ஆழத்தையும் வைத்துத் தூணுக்குக் கொடுக்கும். பீம் இல்லாதபோது 7.5 × 7.5, அதாவது 56 சதுர மீட்டர் தளத்தின் எடை முழுக்க, தூணைச் சுற்றியுள்ள சின்னக் கான்கிரீட் வளையம் வழியாக இறங்க வேண்டும். 250 மி.மீ. கான்கிரீட்டே சதுர மீட்டருக்கு 625 கிலோ. அதோடு டைல்ஸ், பார்ட்டிஷன், ஆட்கள், அலமாரி எல்லாம் சேர்த்தால் ஒரு நடுத்தூணுக்கு ஒரு மாடியிலிருந்து மட்டும் 65 டன் பக்கம் வரும். அந்த வளையம் தாங்காவிட்டால் தூண் ஸ்லாபைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். பஞ்சிங் ஷியர் என்று உங்கள் இன்ஜினியர் சொல்வது இதைத்தான். பீம் உடைவதற்கு முன் வளைந்து, விரிசல் விட்டு எச்சரிக்கை கொடுக்க வாய்ப்பு உண்டு, இது பெரும்பாலும் கொடுக்காது. அதனால்தான் தூண் தலையில் ஸ்லாபைத் தடிமனாக்கி டிராப் பேனல் போடுவார்கள், இல்லையென்றால் உள்ளே ஸ்டட் எனும் எஃகு முளைகளை வரிசையாக வைப்பார்கள். 1906-லேயே அமெரிக்காவின் மினியாபோலிஸில் டர்னர் என்ற இன்ஜினியர் கட்டிய பீம் இல்லாத தளங்களில் தூண் தலை காளான் மாதிரி விரிந்திருக்கும். காரணம் இதுவேதான், அலங்காரம் இல்லை.

தூக்குக்குண்டு:
ரசமட்டம் சொன்ன கணக்கு சரி, ஆனால் ஒரு பக்கம் மட்டும்தான். காற்றும் நில அதிர்வும் பக்கவாட்டில் தள்ளும்போது தூணும் பீமும் சேர்ந்த சட்டம்தான் எதிர்த்து நிற்கும். பீமை எடுத்துவிட்டால் அந்த வேலைக்கு ஷியர் வால், அதாவது பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்கும் கான்கிரீட் சுவர் வேண்டும், அதுவும் லிஃப்ட் சுற்றி மட்டும் இருந்தால் போதாமல் போகலாம். ஆர்க்கிடெக்டிடம் ஷியர் வாலுக்கு இடம் கேட்டுப் பாருங்கள், அப்போது அவர் முகம் எப்படி மாறுகிறது என்று!

இன்னொன்று, தொய்வு. கான்கிரீட் சுமையைத் தாங்கிக்கொண்டே வருஷக்கணக்கில் மெதுவாகத் தொய்யும். முட்டுப் பிரித்த அன்று அளக்கிற தொய்வு கடைசியில் இரண்டு மூன்று மடங்கு ஆவது சாதாரணம். மெல்லிய ஃபிளாட் ஸ்லாபுக்குக் கீழே தரை முதல் சீலிங் வரை கண்ணாடி பார்ட்டிஷன் இறுக்கமாக வைத்தால் ஒருநாள் கதவு சிக்கும், இல்லையென்றால் கண்ணாடி விரிசல் விடும். மேலே இடைவெளி விட்டுத்தான் வைக்க வேண்டும். பீம் போடுங்கள், டக்ட் போகும் இடத்தை முன்கூட்டியே முடிவு செய்து, பெரிய டக்டை ஓரமாக ஓட்டி, சின்ன பைப்புகளுக்கு பீமின் நடுப்பகுதியில் ஸ்லீவ் (பைப் நுழைய முன்கூட்டியே பதிக்கும் குழாய்) வைத்தால் அந்த 350-ல் பாதியை மீட்டுவிடலாம். யாரும் அந்த அளவுக்குத் திட்டமிடுவதில்லை என்பது வேறு விஷயம்.

கம்பிவளை:
போஸ்ட் டென்ஷன் பற்றி யாரும் பேசவில்லையே. ஸ்லாபுக்குள் உறைக்குள் கேபிள் ஓட்டி, கான்கிரீட் ஓரளவு இறுகியதும் ஜாக் வைத்து இழுத்துப் பூட்டுவார்கள். கேபிள் வளைந்து போவதால் ஸ்லாபை நடுவில் மேலே தூக்கும், தொய்வு பெருமளவு அடங்கும். 7.5 மீட்டருக்கு 200 மி.மீ. போதும். சென்ட்ரிங்கும் சீக்கிரம் கழற்றலாம், ஒப்பந்தக்காரருக்கு அதில்தான் கண்.

இதில் இரண்டு தொல்லை. தீயில் இந்தக் கேபிள் சாதாரணக் கம்பியைவிடச் சீக்கிரம் பலம் இழக்கும். சாதாரணக் கம்பிக்கு ஆபத்தான வெப்பநிலை 500 டிகிரி செல்சியஸ் என்று எடுத்தால், கேபிளுக்கு 350 என்றே எடுக்கிறார்கள். அதனால் அடியில் கவர், அதாவது கேபிளை மூடி நிற்கும் கான்கிரீட் கனம், கூடுதலாக விட வேண்டும். கீழே ஃபால்ஸ் சீலிங் இருக்கிறதே என்று கவரைக் குறைக்கச் சம்மதிக்காதீர்கள், அந்த சீலிங் ஸ்லாபோடு சேர்த்துத் தீச்சோதனை செய்யப்பட்டதாக இருந்தால் ஒழிய அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. அடுத்தது, கட்டடம் முடிந்து ஐந்தாறு வருஷம் கழித்து வாடகைக்கு வருகிறவர் பைப் போட ஓட்டை போடுவார். இழுத்துக் கட்டிய கேபிளை டிரில் வெட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஸ்கேன் செய்யாமல் துளை போடக்கூடாது என்று ஒவ்வொரு மாடியிலும் எழுதி ஒட்டுங்கள், வாடகை ஒப்பந்தத்திலும் சேருங்கள்.

புதுக்கட்டடம்:
எல்லோருக்கும் நன்றி. ஓட்டை என்றதும் ஒன்று உறுத்துகிறது. இப்போதைய வரைபடத்தில் கழிப்பறை பைப் எல்லாம் தூணை ஒட்டியே இறங்குகிறது, தூணோடு சேர்த்துப் பெட்டி அடித்து மறைத்துவிடலாம் என்று. ஃபிளாட் ஸ்லாபில் அது பரவாயில்லையா?

ரசமட்டம்:
பரவாயில்லை இல்லவே இல்லை. நான் சொன்ன அந்த வளையத்திலேயே போய் துளை போடுகிறீர்கள். தூணின் ஒரு பக்கம் முழுக்க பைப் துளை வந்தால் சுமை இறங்கும் சுற்றளவில் கால்வாசி போய்விடும், மிச்சப் பக்கங்களில் அழுத்தம் ஏறும், சமநிலையும் கெடும். துளைகளைத் தூண் முகத்திலிருந்து தள்ளி, ஸ்லாபின் நடுப்பகுதிக்குக் கொண்டு போங்கள்.

சியோலில் 1995 ஜூன் 29-ல் சாம்பூங் பல்பொருள் அங்காடி இடிந்தது, 502 பேர் இறந்தார்கள். அதுவும் பீம் இல்லாத ஃபிளாட் ஸ்லாப்தான். தூண்களை மெலிதாக்கியிருந்தார்கள், நகரும் படிக்கட்டுக்கு இடம் விடத் தூண்களில் கை வைத்தார்கள், ஐந்தாவது மாடியின் பயன்பாட்டை மாற்றி எடையை ஏற்றினார்கள், கூரையில் இருந்த கனத்த ஏசி யூனிட்டுகளை இடம் மாற்றினார்கள். அன்று காலையே மேல்மாடியில் தூணைச் சுற்றி விரிசல் தெரிந்தது, கடையை மூடவில்லை. மாலையில் மேலே ஒரு தூண் குத்திக்கொண்டதும் மாடி மேல் மாடியாக இறங்கிவிட்டது. ஃபிளாட் ஸ்லாப் கெட்டது என்று சொல்லவில்லை, நான் விரும்பிப் போடுவதே அதுதான். ஆனால் வரைபடத்தில் எல்லாம் முடிவான பிறகுதான் அதைப் போட வேண்டும், போட்டபின் யாரும் தொடக்கூடாது.

மட்டப்பலகை:
சத்தத்தைப் பற்றி யாரும் பதில் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். நாற்காலி இழுப்பதும் செருப்புச் சத்தமும் ஸ்லாபிலேயே அடித்து எழுப்புகிற அதிர்வு. அது ஸ்லாப் வழியாகச் சுவருக்கும் தூணுக்கும் ஏறி அங்கிருந்து அறைக்குள் வரும், ஃபால்ஸ் சீலிங் மேலே மட்டும்தான் மறைக்கும். கொஞ்சம் குறையும், நிற்காது. பேச்சுச் சத்தத்துக்கு எடை உதவும், தளத்தின் எடையை இரட்டிப்பாக்கினால் 5–6 டெசிபல் குறையும். காலடிச் சத்தத்துக்கு மேலேயே வழி செய்ய வேண்டும்: கார்ப்பெட், அல்லது டைல்ஸுக்கு அடியில் மெத்தென்ற விரிப்பு போட்டு அதன்மேல் தனியாக மிதக்கிற ஸ்கிரீட் (சிமெண்ட் கலவைப் படலம்). சுவர் ஓரத்திலும் அந்த விரிப்பை மேலே மடித்துவிட வேண்டும். ஓரிடத்தில் ஸ்கிரீட் சுவரைத் தொட்டாலும் போட்ட பணம் வீண். இதற்கு 60–80 மி.மீ. கனம் வேண்டும், எடையும் ஏறும், அதை இன்ஜினியரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். ரசமட்டம் போட்ட 750 கணக்கில் இது இல்லை.